பாதிக் கட்டணச் சலுகையும் இரண்டாம் ஆண்டுக் கணக்கும்

கேள்வி: என் மகளுக்கு ஃபின்லாந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 15,000 யூரோ. அதில் பாதியை உதவித்தொகையாகக் குறைத்திருக்கிறார்கள். "இரண்டாம் ஆண்டும் அது தானாகவே வந்துவிடும், வாழ்க்கைச் செலவை அவளே பகுதி நேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்வாள்" என்கிறார் எங்கள் முகவர். ஆனால் கடிதத்தில் "படிப்பில் போதிய முன்னேற்றம் இருந்தால்" என்று ஒரு வரி இருக்கிறது. இதை நம்பி வங்கிக் கடன் எடுக்கலாமா? உடல்நலக் குறைவால் ஒரு பருவம் தவறிவிட்டால் என்ன ஆகும்? இடையில் கட்டணத்திலிருந்து முழு விலக்குப் பெற ஏதாவது வழி உண்டா? — ஒரு தந்தை

பதில்: ஐயா, முகவர் சொன்ன இரண்டில் எதையும் அடிப்படையாக வைத்துக் கடன் தொகையை முடிவு செய்யாதீர்கள். முதல் ஆண்டுக்கு 7,500 யூரோ, இரண்டாம் ஆண்டுக்கு முழுதாக 15,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டும் சலுகை கிடைத்தால் 7,500 மிச்சம். கிடைக்காவிட்டாலும் மகள் பாதியில் திரும்ப வேண்டியிருக்காது.

இதோடு வாழ்க்கைச் செலவைச் சேருங்கள். மாணவர்களுக்கான வசிப்பு அனுமதிக்கு ஃபின்லாந்தின் குடிவரவுத் துறையான மிக்ரி எதிர்பார்க்கும் தொகை மாதம் 800 யூரோ, ஆண்டுக்கு 9,600. இரண்டு ஆண்டுக்கு 19,200. கட்டணம் 22,500ஐயும் சேர்த்தால் 41,700 யூரோ. முகவர் உங்களிடம் சொன்ன கணக்கு வெறும் 15,000. வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். அந்த 800ம் அனுமதிக்கான குறைந்தபட்சத் தொகைதான். ஹெல்சிங்கி வட்டாரத்தில் தனியார் வீட்டு வாடகை கொடுத்து வாழ்பவருக்கு அது போதுமா என்பது வேறு கேள்வி. மாணவர் குடியிருப்பு அமைப்புகளில் அறை கிடைத்தால் சமாளிக்கலாம். ஆகவே இடத்தை ஏற்ற அன்றே அறைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பல குடும்பங்கள் இரண்டாம் ஆண்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலிலிருந்து அங்கே பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வசிப்பு அனுமதியைப் படிப்புக் காலம் முழுமைக்குமாக ஒரே தடவையில் தருகிறார்கள். ஆனால் கையிருப்புக் காட்டச் சொல்வது முதல் ஆண்டுக்குத்தான். இரண்டாம் ஆண்டுப் பணம் எங்கே என்று விண்ணப்பிக்கும்போது யாரும் கேட்பதில்லை. முகவருக்கும் மாணவி விமானம் ஏறியவுடன் வேலை முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டியவர் நீங்கள்தான். கேட்டிருக்கிறீர்கள், நல்லது.

இப்போது அந்த "போதிய முன்னேற்றம்" என்ற வரிக்கு வருவோம்.

ஃபின்லாந்தில் ஒரு காலத்தில் எந்த நாட்டவருக்கும் பல்கலைக்கழகக் கட்டணம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கும் வெளியிலிருந்து வந்து ஆங்கிலவழி இளநிலை, முதுநிலைப் படிப்புகளில் சேர்கிறவர்களுக்கு 2017 இலையுதிர் பருவம் முதல் கட்டணம் வந்தது. அப்போது சட்டம் வைத்த குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 1,500 யூரோ. பெரும்பாலான இடங்களில் உண்மைக் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. அதே சட்டம், கட்டணம் வாங்கும் பல்கலைக்கழகம் அந்த மாணவர்களுக்கென ஓர் உதவித்தொகைத் திட்டத்தையும் வைத்திருக்க வேண்டும் என்றது. திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. யாருக்கு, எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, என்ன நிபந்தனை எல்லாம் அந்தந்த நிறுவனத்தின் முடிவு.

ஆகவே "ஃபின்லாந்து விதி" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் உறவினர் மகனின் அனுபவம் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அதே பல்கலைக்கழகத்தில் முந்தைய ஆண்டு சேர்ந்தவரின் அனுபவம்கூடப் பொருந்தாமல் போகலாம். சேர்க்கை ஆண்டுக்கு ஆண்டு விதிகளை மாற்றி வெளியிடுகிறார்கள். உங்கள் மகள் சேரும் கல்வியாண்டின் பெயர் தாங்கிய விதித் தொகுப்பு எதுவோ அதுதான் அவளைக் கட்டுப்படுத்தும்.

பல பல்கலைக்கழகங்களில் நான் பார்த்திருக்கும் வடிவம் இது: முதல் ஆண்டுச் சலுகை, சேர்க்கை மதிப்பீட்டை வைத்துத் தரப்படுகிறது. இரண்டாம் ஆண்டுச் சலுகை, முதல் ஆண்டில் எடுத்து முடித்த கிரெடிட்டுகளை (ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் உழைப்பு அளவுக்கேற்பத் தரப்படும் புள்ளிகளை) வைத்துத் தரப்படுகிறது. முழு நேரப் படிப்பு என்பது ஆண்டுக்கு 60 கிரெடிட். பல இடங்களில் நிபந்தனையும் அதே 60தான். சில இடங்களில் 55 போதும். பார்க்கச் சிறிய வித்தியாசம். ஆனால் ஒரு பாடம் பெரும்பாலும் 5 கிரெடிட். 60 என்று இருந்தால் ஆண்டின் பன்னிரண்டு பாடங்களில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. 55 என்றால் ஒன்றைத் தவறவிட இடம் இருக்கிறது. 7,500 யூரோ அந்த ஒரு பாடத்தில் தொங்குகிறது. எனவே எத்தனை கிரெடிட் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை. "போதிய முன்னேற்றம்" என்ற சொற்களுக்குப் பின்னால் எங்கோ ஓர் எண் இருக்கும்.

அந்த எண்ணை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில்தான் நன்றாகப் படிக்கும் மாணவர்களும் இடறுகிறார்கள். அங்கே கல்வியாண்டு ஆகஸ்ட் 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. வகுப்புகளோ மே மாதத்தோடு ஓய்ந்துவிடும். ஒரு மாணவி மே மாதத் தேர்வில் தோற்றுவிட்டாள், ஆகஸ்டில் மறுதேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள் என்று வையுங்கள். பட்டத்துக்கு அந்தப் பாடம் கணக்கில் வரும். உதவித்தொகைக்கு வராமல் போகக்கூடும், ஏனெனில் ஆகஸ்ட் அடுத்த கல்வியாண்டு. இன்னொன்று: பாடத்தை முடித்த நாளைப் பார்க்கிறார்களா, பதிவேட்டில் ஏறிய நாளைப் பார்க்கிறார்களா? ஜூனில் கட்டுரையைச் சமர்ப்பித்துவிட்டுப் பேராசிரியர் கோடை விடுமுறையில் போய்விட்டால், ஜூலைக் கடைசியில் பதிவேட்டில் அந்த வரி காலியாக இருக்கும். ஃபின்லாந்தில் ஜூலையில் அலுவலகத்தில் ஆள் பிடிப்பது எளிதல்ல. நாடே ஏரிக்கரைக் குடில்களுக்குப் போய்விடும். ஆகவே ஏப்ரல் இறுதியிலேயே எத்தனை கிரெடிட் பதிவாகியிருக்கிறது, எத்தனை பாக்கி என்று மகள் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும். பாக்கி இருக்கும் பாடங்களின் ஆசிரியர்களுக்கு மே மாதமே மின்னஞ்சல் அனுப்பி, உதவித்தொகைக்குக் கெடு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெரும்பாலோர் உதவுவார்கள். சொல்லாதவருக்காக விடுமுறையை ஒத்திவைக்க மாட்டார்கள்.

இந்தியாவில் ஏற்கெனவே படித்த பாடங்களை அங்கே ஈடு செய்துகொள்ளும் வசதி, அதாவது அங்குள்ள பாடங்களுக்குப் பதிலாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிக் கிடைத்த கிரெடிட்டுகளை உதவித்தொகைக் கணக்கில் சேர்க்காத பல்கலைக்கழகங்கள் பல. ஈடு கிடைத்துவிட்டது என்று ஆண்டைக் குறைவான பாடங்களோடு ஓட்டிவிட்டு ஆகஸ்டில் அதிர்ந்துபோகிறவர்களும் உண்டு. இதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் உதவுவது ஒன்று சொல்கிறேன். முதல் பருவத்திலேயே ஃபின்னிஷ் மொழிப் பாடத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த கிரெடிட்டுகள் பட்டத்தில் சேருமாறு படிப்புத் திட்டத்தில் இடம் இருந்தால் இரட்டை லாபம்: கிரெடிட் ஏறும், பின்னாளில் வேலை தேடும்போது மொழியும் இருக்கும். 60 என்பது நிபந்தனையாக இருந்தால் 65க்குத் திட்டமிடச் சொல்வது என் வழக்கம். உபரியாக இருக்கும் அந்த ஒரு பாடம்தான் இரண்டாம் ஆண்டுக்குக் காப்பீடு.

அடுத்தது, பகுதி நேர வேலை. சட்டம் தாராளமானது. மாணவர் அனுமதியில் வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்யலாம். சராசரி என்பதால் கோடையில் கூடுதலாக உழைத்துப் பருவக் காலத்தில் குறைக்கவும் முடியும். 2022க்கு முன் இது 25 மணி நேரமாக இருந்தது. முகவர்கள் இந்த எண்ணைச் சொல்லித்தான் பெற்றோரைத் தேற்றுகிறார்கள். மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் மாணவர் தரப்பில் சுமார் 27 மணி நேர உழைப்பு. 60 கிரெடிட்டுக்குச் சுமார் 1,600 மணி. அதைப் பாடம் நடக்கும் நாற்பது வாரங்களில் பங்கிட்டால் வாரத்துக்கு 40 மணி. அதன்மேல் 30 மணி வேலை என்றால் வாரம் 70 மணி. இருட்டும் பனியும் உள்ள முதல் குளிர்காலத்தில், மொழி தெரியாத ஊரில். ஓரிருவர் செய்துகாட்டுகிறார்கள். அதை நம்பிக் குடும்பக் கடனைத் திட்டமிட முடியாது.

அதோடு, வேலை செய்ய அனுமதி இருப்பதும் வேலை கிடைப்பதும் ஒன்றல்ல. ஃபின்னிஷ் தெரியாதவர்களுக்கு முதலில் கிடைப்பவை துப்புரவு, உணவு விநியோகம் போன்றவை. அதற்கும் போட்டி கடுமை. என் எண்ணத்தைக் கேட்டால், முதல் ஆண்டில் உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சம்பளம் அந்த 7,500 யூரோச் சலுகைதான். அதற்கான வேலை 60 கிரெடிட்டை ஜூலைக்குள் முடிப்பது. அதைக் கெடுக்கும் எந்தப் பகுதி நேர வேலையும் நஷ்டத்தில்தான் முடியும். கோடையில் முழு நேரமாக உழைக்கட்டும், தடையில்லை.

உடல்நலம் பற்றிக் கேட்டீர்கள். இதில் இரண்டு கட்டங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

படிப்பைத் தொடங்கும் முன்: ஃபின்லாந்துப் பல்கலைக்கழகச் சட்டப்படி புதிய மாணவர் முதல் ஆண்டில் "வரவில்லை" என்று பதிவு செய்ய மூன்றே காரணங்கள் உண்டு. ராணுவ சேவை, மகப்பேறு அல்லது பெற்றோர் விடுப்பு, சொந்த நோயாலோ இயலாமையாலோ படிப்பைத் தொடங்க முடியாத நிலை. வசிப்பு அனுமதி தாமதமானது இந்தப் பட்டியலில் இல்லை. பணம் திரட்ட நேரம் ஆனதும் இல்லை. அனுமதி நேரத்துக்கு வராவிட்டால் இடமும் சலுகையும் சேர்ந்தே போகும் ஆபத்து உண்டு. எனவே கட்டணம் கட்டியவுடன், ஒரு வாரம்கூடத் தள்ளாமல் மிக்ரிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும்.

படிப்பு தொடங்கிய பின்: முதல் ஆண்டு முடிந்தபின் காரணம் சொல்லாமலே இரண்டு பருவம்வரை விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தப் பருவங்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் சலுகை காத்திருக்குமா, கழிந்துபோகுமா என்பது பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. வருகைப் பதிவு செய்துவிட்டுப் பருவத்தின் நடுவில் நோய்ப்பட்டால் நிலைமை இன்னும் சிக்கல், ஏனெனில் அந்தப் பருவம் முழு நேரப் பருவமாகவே எண்ணப்படும். பல விதித் தொகுப்புகளில் நோய், மகப்பேறு ஆகியவற்றுக்கு நிபந்தனையைத் தளர்த்தும் பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்த மருத்துவச் சான்று வேண்டும், அதுவும் நோய் இருந்த காலத்திலேயே வாங்கியதாக. மார்ச்சில் படுத்துவிட்டு ஆகஸ்டில் சான்று தேடி அலைந்தால் பயனில்லை. நம் பிள்ளைகள் ஊரில் வருத்தப்படுவார்கள் என்று நோயை மறைப்பார்கள். மனச்சோர்வை இன்னும் ஆழமாக மறைப்பார்கள். "உடம்பு சரியில்லை என்றால் முதலில் மாணவர் மருத்துவ சேவைக்குப் போ, பிறகு கல்வி ஆலோசகரிடம் சொல், எங்களுக்கு மூன்றாவதாகச் சொன்னாலும் கோபமில்லை" என்று புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

அந்த மருத்துவ சேவைக்கான கட்டணத்தை ஒவ்வொரு பருவமும் கேலா என்ற அரசுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாணவரே கட்ட வேண்டும். பில் வராது. தொகை சிறியது, மறந்தால் தாமதக் கட்டணம். உதவித்தொகை இதை ஏற்காது. மாணவர் சங்கச் சந்தாவையும் ஏற்காது. கட்டணச் சலுகையாக வரும் உதவித்தொகையில் கைக்குப் பணம் ஏதும் வராது என்பதால், அதை மிக்ரிக்குக் காட்டும் வாழ்க்கைச் செலவாகவும் கணக்கிட முடியாது.

கைக்குப் பணம் தரும் திட்டங்களும் இருந்திருக்கின்றன. 2022 சேர்க்கையில் தொடங்கிய ஃபின்லாந்து உதவித்தொகை, முதுநிலை மாணவர்களுக்கு முதல் ஆண்டு முழுக் கட்டணத்தையும் இடம்பெயர 5,000 யூரோவையும் தந்தது. அதுவும் முதல் ஆண்டுக்கு மட்டும்தான். இரண்டாம் ஆண்டுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

முழு விலக்குப் பற்றி: வழி இருக்கிறது, ஆனால் உங்கள் மகளுக்கு அது திட்டமிட்டுப் போகும் வழியாக இருக்க முடியாது. நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கள், ஐரோப்பிய நீல அட்டை (உயர்தகுதிப் பணியாளர்களுக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவர்கள், படிப்பு அல்லாத காரணத்தால் (வேலை, குடும்ப உறவு போன்றவை) தொடர் வசிப்பு அனுமதி பெற்றவர்கள் ஆகியோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. படிக்க வந்தவருக்கும் இப்போது தொடர் அனுமதியே தருகிறார்கள். ஆனால் காரணம் படிப்பு என்பதால் விலக்கு இல்லை. பலர் வசிப்பு அனுமதி அட்டையில் தொடர் அனுமதியைக் குறிக்கும் A என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோகிறார்கள். இடையில் முழு நேர வேலை கிடைத்து அனுமதியின் அடிப்படை மாறினால் அதன்பின் வரும் பருவங்களுக்குக் கட்டணம் நீங்கலாம். ஏற்கெனவே கட்டியது திரும்ப வரும் என்று எண்ண வேண்டாம். ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் வழிப் படிப்புகளுக்கும் முனைவர் பட்டத்துக்கும் யாருக்குமே கட்டணம் கிடையாது. மகளுக்கு ஆய்வில் நாட்டம் இருந்தால் இதை நினைவில் வைக்கலாம்.

இனி கடன். 41,700 யூரோவை நினைத்து மலைக்க வேண்டாம். வங்கியில் ஒப்புதல் தொகையை இந்தப் பெரிய கணக்குக்கே வாங்குங்கள். விடுவிப்பைக் கட்டணம் கட்டும் நேரத்துக்கு ஏற்பத் தவணையாக வைத்துக்கொள்ளுங்கள். விடுவித்த தொகைக்குத்தான் வட்டி. இரண்டாம் ஆண்டும் சலுகை கிடைத்தால் மீதியை எடுக்காமல் விட்டுவிடலாம். ஒப்புதலைச் சிறிதாக வாங்கிவிட்டு ஓராண்டு கழித்து அவசரத்தில் கூட்டிக் கேட்டால் வங்கி இழுத்தடிக்கும், பல்கலைக்கழகக் கெடு காத்திருக்காது. அந்த 9,600 யூரோ மகளின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதையும் வங்கியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தந்தையின் கணக்கைக் காட்டி, "செலவை நான் ஏற்கிறேன்" என்று கடிதம் கொடுத்தால் மிக்ரி ஏற்காது. முழுக் கணக்கையும் போட்டுப் பார்த்தபின், சலுகை இரு ஆண்டும் வந்தால் மட்டுமே தாங்க முடியும் என்ற நிலை இருந்தால், நான் இந்த ஆண்டு போகச் சொல்ல மாட்டேன். கசப்பான பேச்சுதான். ஆனால் முதல் ஆண்டுக் கடனோடும் பட்டமில்லாமலும் திரும்புவதைவிட, வேறு திட்டங்களுக்கு ஜனவரி விண்ணப்பச் சுற்றில் மீண்டும் முயல்வது மேல்.

இடத்தை ஏற்கும் முன் இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபின்லாந்தில் ஒரே பருவத்தில் தொடங்கும் பட்டப்படிப்புகளில் ஒன்றைத்தான் ஏற்க முடியும். ஏற்றபின் மாற்ற முடியாது. மகள் வேறு ஃபின்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பதிலுக்கும் காத்திருந்தால், ஸ்டடிஇன்ஃபோ என்ற சேர்க்கை விண்ணப்பத் தளத்தில் ஏற்பு பொத்தானை அழுத்துமுன் இரு இடங்களின் இரண்டாம் ஆண்டு நிபந்தனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் ஆண்டில் 50 சதவீதம் தரும் இடம், இரண்டாம் ஆண்டு நிபந்தனை கடுமையாக இருந்தால், குறைவாகத் தரும் இடத்தைவிட மலிவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மகளின் பெயரில், மகளே எழுதட்டும். மாணவர் விவரங்களைப் பெற்றோரிடமோ முகவரிடமோ அவர்கள் பேச மாட்டார்கள். சேர்க்கை எண்ணைக் குறிப்பிட்டு, இரண்டாம் ஆண்டுச் சலுகைக்கு எத்தனை கிரெடிட் வேண்டும், அவை எந்தத் தேதிக்குள் பதிவாக வேண்டும், ஈடு செய்த பாடங்களும் மொழிப் பாடங்களும் சேருமா, சலுகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, நோய்க் காலம் எப்படிக் கருதப்படும், அனுமதி மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணத்தில் எவ்வளவு பிடித்தம் போகத் திரும்ப வரும் என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இடத்துக்கு இடம் மாறும்: பெரும்பாலும் அனுமதி மறுப்புக்குத் திருப்பித் தருவார்கள், மனம் மாறியதற்குத் தர மாட்டார்கள். சலுகையைத் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே 60 கிரெடிட் முடித்தவரும் படிவத்தைக் கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் இழப்பார். பதில் வர ஒரு வாரம் ஆகலாம். இடத்தை ஏற்கும் கடைசித் தேதிக்கு அதற்குமேல் அவகாசம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.